பழைய அம்பாசடரில் மேடு ஏறும்போது 'கிளிங் கிளிங்' சத்தமா? இக்னிஷன் டைமிங்கை செக் பண்ணுங்க!

முகூர்த்தப் பட்டு எடுக்க குடும்பத்தோடு அம்பாசடரில் காஞ்சிபுரம் போனவர்களுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும். ஏழெட்டு பேர் ஏறிய வண்டி பாலத்து மேட்டில் திணறும்போது, இன்ஜினுக்குள் கோலிகுண்டு உருட்டுற மாதிரி 'கிளிங் கிளிங்'னு கேட்கும். 'பெட்ரோல் சரியில்லை சார்' என்பார் டிரைவர். பல நேரம் பிரச்சினை பெட்ரோலில் இல்லை, டைமிங்கில்!

அது என்ன டைமிங்?

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வர வேண்டும். காரணம், பெட்ரோல் கலவை எரிய நேரம் எடுக்கும். 3,000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம் வெறும் 20 மில்லி செகண்ட். கலவை எரிய 2 மில்லி செகண்ட் ஆனால்கூட, அதற்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும்.

பொறி ரொம்ப சீக்கிரம் வந்தால் அந்த 'கிளிங்' சத்தம். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனே பழுதாகும். லேட்டாக வந்தால் இழுவை போகும், இன்ஜின் சூடாகும், மைலேஜும் அடிவாங்கும்.

காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டையில் இன்று தயாராகும் கார்களில் இதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஆனால் பழைய அம்பாசடர், பத்மினி, வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரை கையால் திருப்பித்தான் வைக்கணும்.

எப்படி வைப்பது?

முதல்ல பாயின்ட் கேப். ஃபீலர் கேஜ் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு சரிசெய்யுங்க. கேப் அதிகமானால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங்கும் முன்னாடி போகும். அதனால் டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் செய்த வேலை வீண்.

அடுத்து, ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்போது, புல்லியில் உள்ள குறியை மேனுவல் சொல்லும் டிகிரிக்குக் கொண்டு வரணும். ரோட்டர் ஒன்றாம் பிளக் ஒயர் பக்கம் பார்க்கிறதா என்று கவனிங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்கு காயிலில் இருந்து வரும் மெல்லிய ஒயர் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பை இணைத்து, சாவியை ஆன் செய்யுங்க. கிளாம்ப்பை லூஸ் செய்து, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் பக்கமாகத் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்க. பல்பு எரியும் அந்த இடம்தான் டைமிங். அங்கேயே டைட் செய்ய வேண்டியதுதான்.

காதால் கேட்டு வைக்கலாமா?

பல மெக்கானிக்குகள் ஐட்லிங்கில் இன்ஜின் வேகமாக ஓடும் இடத்தில் நிறுத்திவிடுவாங்க. சிக்கலே அங்கேதான்! லோடு இல்லாதபோது டைமிங் கொஞ்சம் முன்னாடி இருந்தால் இன்ஜின் இன்னும் ஜோராகத்தான் ஓடும். ஆள் ஏறி, மேடு வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

அதனால் வேலை முடிந்ததும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, டாப் கியரில் மேடு ஏறிப் பாருங்க. 'கிளிங்' கேட்டால் டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் பக்கமாக நூலளவு திருப்புங்க. அப்பவும் சத்தம் நிற்கவில்லையா? சிலிண்டர் ஹெட்டில் கார்பன் படிந்திருக்கலாம், அதைக் கழற்றித்தான் பார்க்கணும்.