குப்பைக் கூடையில் கிடக்குது தமிழ்!

பேரப்பிள்ளைகளுக்கு மொழி சொல்லித்தர காசு வேண்டாம். சிரட்டையும் காலித் தீப்பெட்டியும் போதும்

ராயகிரி:-

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும். தென்காசி மாவட்டம் ராயகிரி மாதிரி ஊர்களுக்கு பேரப்பிள்ளைகள் பஸ்சில் வந்து இறங்குகிறார்கள். சென்னைப் பிள்ளை, பெங்களூர்ப் பிள்ளை, சிங்கப்பூர்ப் பிள்ளை என்று வீடு நிறைந்து விடுகிறது.

"ஏ பிள்ளே, அடுப்பங்கரையிலே சிரட்டை கிடக்கும், எடுத்துட்டு வா" என்கிறாள் ஆச்சி. பிள்ளை அசையாமல் நிற்கிறது. தாயார் ஓடி வந்து "கோகனட் ஷெல்" என்று சொன்ன பிறகுதான் கால் நகர்கிறது.

சொந்த ஆச்சிக்கும் சொந்தப் பேரனுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்! எத்தனையோ வீடுகளில் இன்று இதுதான் நிலைமை.

ஆச்சிக்கு ராத்திரி நெஞ்சு அடைத்தால், பக்கத்தில் படுத்திருக்கும் பேரனிடம் அதைச் சொல்ல முடியுமா? குற்றால சீசன் கூட்டத்தில் பிள்ளை கைநழுவிப் போனால், தகப்பன் எந்த ஊர், எந்தத் தெரு என்று போலீஸ்காரரிடம் தமிழில் சொல்லத் தெரியுமா? இது பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி விஷயம் அல்ல. வீட்டு விஷயம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. டியூஷன் வேண்டாம், புத்தகம் வேண்டாம். தினமும் தெருவில் கொட்டுகிற குப்பையே போதும். அதன் விவரம் வருமாறு:-

தோலுக்கு எத்தனை பேர்!

ஒரு நாள் சமையல் முடிந்ததும் கூடையில் என்ன விழுகிறது என்று பாருங்கள். மிக மெல்லியதாக உரிந்து வருவது தொலி. கொஞ்சம் தடிமனாக இருந்தால் தோல். அதைவிடக் கெட்டி, தோடு. உடைத்தால்தான் உடையும் என்றால் ஓடு. சுரைக்காய் காய்ந்து ஓடானால் குடுக்கை. தேங்காய்க்கு மேலே இருப்பது மட்டை. நெல்லுக்கு உமி. கேழ்வரகு, வரகுக்குக் கொம்மை.

அத்தனைக்கும் வேலை ஒன்றுதான், உள்ளே இருப்பதை மூடுவது. ஆனால் தமிழன் ஒவ்வொன்றையும் கையில் தொட்டுப் பார்த்துத் தனித்தனியாகப் பேர் வைத்திருக்கிறான்.

இலையும் அப்படித்தான். புளிக்கும் வேம்புக்கும் இலை. நெல்லுக்கும் புல்லுக்கும் தாள். சோளத்துக்கும் கரும்புக்கும் தோகை. பனைக்கும் தென்னைக்கும் ஓலை. காய்ந்து விழுந்த இலை சருகு. தாளும் தோகையும் காய்ந்தால் அதற்குச் சண்டு என்று பேர்.

வயலும் தோப்பும் பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்கு இதில் பாதி பேச்சுவாக்கில் வரும். பேரனுக்கு எல்லாமே "லீஃப்"!

சங்கரன்கோவில் தந்த அறிஞர்

இந்தச் சொற்களை எல்லாம் வகை பிரித்து எழுதி வைத்தவர் யார் தெரியுமா? நம்ம பக்கத்து ஊரான சங்கரன்கோவிலில் 1902-ம் ஆண்டு பிறந்த தேவநேயப் பாவாணர்தான்! தமிழக அரசு 1974-ல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர். 1981 ஜனவரியில் காலமானார். தமிழ்ச் சொல்வளம் பற்றி அவர் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடப் புத்தகத்திலும் இடம் பெற்றது.

ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை அதை மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுகிறது. 5 வயதில் தொலியையும் ஓட்டையும் கையில் கொடுத்துப் பேர் சொல்லியிருந்தால், மனப்பாடமே வேண்டியிருக்காது.

"கட்" ஒன்று போதுமா?

கையில் வேலை கொடுத்தால் வினைச்சொல்லும் கூடவே வருகிறது. இங்கிலீஷ் படித்த பிள்ளை எல்லாவற்றையும் "கட் பண்ணு" என்கிறது. தமிழில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

கிளையை வெட்ட வேண்டும். வெங்காயத்தை நறுக்க வேண்டும். காகிதத்தைக் கிழிக்க வேண்டும். குச்சியை ஒடிக்க வேண்டும். விறகைப் பிளக்க வேண்டும். நுங்கைச் சீவ வேண்டும். ஈர்க்குச்சியை ஓலையிலிருந்து கிழித்து எடுக்க வேண்டும். மரத்தைச் செதுக்க வேண்டும்.

சேர்ப்பதும் ஒரே சொல்லில் முடியாது. நூலால் கட்டு, ஊசியால் தை, பசையால் ஒட்டு, ஓலையைப் பின்னு, பூவைத் தொடு, பாசியைக் கோர், கயிறைத் திரி, துளையில் செருகு!

இன்னொரு லாபமும் உண்டு. ழகரம் வராத பிள்ளைக்குக் கைவேலைதான் நல்ல வாத்தியார். கிழி, இழு, குழை, நுழை, கழற்று, சுழற்று. பொம்மை செய்து முடிப்பதற்குள் ஒவ்வொரு சொல்லும் இருபது தடவை வாயில் வந்து போகும். தப்பாகச் சொன்னால் சிரிக்கக் கூடாது. ஆச்சி சரியாக ஒரு தடவை சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் போதும்.

12 தீப்பெட்டி

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி எல்லாம் நமக்குப் பக்கத்து ஊர்கள். தீப்பெட்டிக்கு இங்கே பஞ்சம் இல்லை. காலிப் பெட்டி 12 சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஓர் உயிரெழுத்தை எழுதி ஒட்டுங்கள். அந்த எழுத்தில் தொடங்கும் பொருளை வீட்டில் தேடிப்பிடித்து உள்ளே போட வேண்டியது பிள்ளையின் வேலை.

அ - அரிசி. ஆ - ஆலம் விழுதுத் துண்டு. இ - இலை. ஈ - ஈர்க்கு. உ - உமி. ஊ - ஊதுபத்திக் குச்சி. எ - எலுமிச்சை விதை, புளியங்குடிச் சீமையில் அதற்கா குறை! ஏ - ஏலக்காய்த் தோல். ஐ - ஐந்து புளியங்கொட்டை. ஒ - ஒரு ரூபாய்க் காசு. ஓ - ஓலை. ஔவுக்கு மட்டும் திண்டாட்டம். ஔவையார் படம்தான் கதி!

தேடி அலையும்போது பிள்ளை கேள்வி கேட்கும். கேள்விக்குப் பதில் சொன்னால் அதுவே பாடம்.

இன்னும் இரண்டு காலிப் பெட்டியில் நூல் கட்டினால் டெலிபோன் ரெடி. நூலை இழுத்துப் பிடித்தால்தான் பேச்சு கேட்கும். இந்தப் போனில் தமிழ் மட்டும்தான் என்று சட்டம் போட்டு விடுங்கள்.

புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்தால் தாய விளையாட்டுக்கு ஆகும். தேய்க்காமல் வைத்தால் பல்லாங்குழிக்கு ஆகும். எண்ணிக்கை தானாக வரும்.

கோடையில் நுங்கு தின்ற கூந்தலை எறியாதீர்கள். இரண்டு கூந்தல், நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. வண்டி ஓடும். இது ஒரு காலத்தில் நம்ம தாத்தாமார் ஓட்டிய வண்டிதான்.

அத்தை வேறு, சித்தி வேறு

பழைய சேலைத் துணியில் பொம்மை செய்வது இன்னும் விசேஷம். ஒரு குடும்பத்தையே செய்து விடலாம். தாத்தா, ஆச்சி, பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி, மதினி, கொழுந்தன்.

வெளியூர்ப் பிள்ளைக்கு எல்லோரும் "அங்கிள்", "ஆன்ட்டி". அப்பாவின் தங்கை அத்தை, அம்மாவின் தங்கை சித்தி என்று பொம்மையை வரிசையாக உட்கார வைத்துச் சொன்னால் ஒரே நாளில் பிடித்துக் கொள்ளும். அடுத்த கல்யாண வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று முழிக்காது.

எந்தப் பொருளைச் செய்தாலும் முறை ஒன்றுதான். செய்யும் முன் பேரைச் சொல்லுங்கள். செய்யும்போது செய்கையைச் சொல்லுங்கள். செய்து முடித்த பின், எப்படிச் செய்தாய் என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்.

கடல் கடந்து போனவர்கள்

"வீட்டில் தமிழ் தானாக வந்து விடும்" என்று அசட்டையாக இருக்க முடியாது.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போனவர்களின் வாரிசுகள் இன்றும் பிள்ளை, முதலி, கவுண்டர் என்ற பேரைத் திரிந்த உச்சரிப்பில் வைத்திருக்கிறார்கள். காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ் ஆகி விட்டது.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சி மொழி. பள்ளியிலும் பாடம் உண்டு. அப்படியும் அங்கே வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 100-க்கு 3.3 பேராக இருந்தது, 2020-ல் 2.5 ஆகக் குறைந்து விட்டது. பள்ளிக்கூடம் மட்டும் மொழியைக் காப்பாற்றாது என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் 1977-லேயே குடியேறியவர்களின் தாய்மொழிக்கு வகுப்பு தொடங்கியது. நியூசிலாந்தின் மவோரி மக்கள் தங்கள் மொழி சாகப் போகிறது என்று கண்டு 1982-ல் ஒரு காரியம் செய்தார்கள். பச்சைப்பிள்ளைகளைப் பாட்டி, தாத்தாக்களிடம் ஒப்படைத்து, அந்த மொழியிலேயே வளர்க்கும் பாலர் பள்ளிகளைத் திறந்தார்கள்.

அவர்கள் தனியாகப் பள்ளி கட்டிக் கூட்டி வைத்த பாட்டியும் தாத்தாவும் நமக்குத் திண்ணையிலேயே இருக்கிறார்கள்!

குப்பையில் விஞ்ஞானம்

"குப்பையை வைத்துப் படிப்பா?" என்று கேலி செய்பவர்களுக்கு ஒரு தகவல். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த என்ஜினீயர் அர்விந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் வைத்தே பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லித் தந்தவர். பழைய பேப்பர், காலி டப்பா எல்லாமே அவருக்குப் பாடப் பொருள்தான். 2018-ல் அவருக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ பட்டம் வழங்கியது.

இது தமிழுக்கு மட்டும் சொல்கிற யோசனையும் அல்ல. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100-க்கு 5.87 பேருக்குத் தாய்மொழி தெலுங்கு. தெற்கத்திச் சீமையிலும் வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ் என்று தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது, பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சு ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்ப எடுக்கப் புத்தகமும் இருக்காது. அந்த வீட்டு அவ்வாவும் இதே சிரட்டையை, இதே துணியைக் கையில் எடுக்கலாம்.

உஷார்!

சில பொருள்களைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. குன்றிமணி பார்க்க அழகு, உள்ளே விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. உடைந்த கண்ணாடி, தகர மூடி, பழைய பேட்டரி, மாத்திரை அட்டை வேண்டாம். தீப்பெட்டியில் உரசும் மருந்துப் பட்டையை உரித்து விட்டுக் கொடுங்கள். புளியங்கொட்டையைச் சின்னப் பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்ளும், விழுங்கியும் விடும். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். 3 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கொட்டை, பாசி கூடவே கூடாது.

பேரூராட்சி கவனிக்குமா?

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போடச் சொல்லி எல்லா ஊரிலும் சொல்லுகிறார்கள். பிரிக்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுத்து, எது என்ன என்று பேர் சொல்ல வைத்தால் தெருவும் சுத்தமாகும், நாக்கும் சுத்தமாகும்.

ராயகிரியில் அங்கன்வாடியோ, பள்ளிக்கூட வராந்தாவோ, கோயில் மண்டபமோ ஏதாவது ஓர் இடத்தில், கோடை லீவில் வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பெட்டி முடையத் தெரிந்த பாட்டிகள், கயிறு திரிக்கத் தெரிந்த தாத்தாக்களை அழைத்து உட்கார வைக்கலாம். செலவு என்று பார்த்தால் ஒரு பாய், ஒரு குடம் தண்ணீர். பேரூராட்சியும் ஊர்ப் பெரியவர்களும் மனது வைத்தால் அடுத்த லீவுக்கே தொடங்கி விடலாம்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் இன்று ராத்திரியே வெங்காயம் உரிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள்.