நல்ல தாளில் எழுதப்பட்ட கடிதங்கள்

தொழிற்சங்க வேலைகளில் நெடுங்காலம் இருந்துவரும் நண்பர் ஒருவர், அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட தொலைக்காட்சித் தொடர்களை ரசிகர்கள் போராடி மறுபடி வரவழைத்த கதைகளை எங்கேயோ படித்துவிட்டு, என்னிடம் மிகுந்த உற்சாகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 'கம்பெனிக்காரன் மூடின கடைய ஜனங்க திறக்க வச்சிருக்காங்கய்யா. நம்மால ஒரு மில்லத் திறக்க வைக்க முடியல' என்றார். பாதி கேலி, பாதி ஏக்கம். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வெகுஜன ஊடகத்தை நுகர்பவன் வெறும் ஏமாளி அல்ல, அர்த்தத்தை உற்பத்தி செய்பவனும்கூட என்று பலமுறை வாதாடியிருக்கிற எனக்கு அவர் பேச்சு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. ஏன் என்று யோசித்ததன் விளைவுதான் இது.

இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலக்கதை 'ஸ்டார் ட்ரெக்'. 1966 செப்டம்பரில் என்.பி.சி. நிறுவனத்தில் தொடங்கிய விண்வெளித் தொடர். இரண்டாம் ஆண்டிலேயே, 1967 கடைசியில், நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. பிஜோ ட்ரிம்பிள், அவர் கணவர் ஜான் இருவரும் அறிவியல் புனைகதை மாநாடொன்றின் முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு ரசிகர்களுக்கு எழுதினார்கள். ஒவ்வொருவரும் என்.பி.சி.க்குக் கடிதம் எழுதுவது, இன்னும் பத்துப் பேரை எழுத வைப்பது, அந்தப் பத்துப் பேரும் தலைக்குப் பத்துப் பேரை. நம் இயக்கத் தோழர்களுக்குப் பரிச்சயமான கணக்குத்தான். 1967 டிசம்பர் முதல் 1968 மார்ச் வரை வந்த கடிதங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் இருநூறு பேருக்கு மேல் பர்பாங்கில் இருந்த என்.பி.சி. அரங்கத்துக்கு ஊர்வலம் போனார்கள். 1968 மார்ச் 1ஆம் தேதி, ஒரு பகுதி முடிந்த கையோடு, தொடர் நீடிக்கும் என்று நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. தயவுசெய்து இனி எழுதாதீர்கள் என்பது அதன் உட்பொருள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? நன்றி தெரிவித்து மறுபடி மூட்டை மூட்டையாக எழுதினார்கள்.

இதுவரை நண்பரின் கட்சி வலுவாகவே இருக்கிறது. ஆனால் அக்காலத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்றில் வரும் விவரம் என்னை நிறுத்தியது. கடிதங்களில் பெரும்பகுதி மருத்துவர்கள், விஞ்ஞானிகள், ஆசிரியர்கள் எழுதியவை. பிழையற்ற நடையில், நல்ல தாளில் எழுதப்பட்டவை. பார்வையாளர் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக ஒரு நிறுவனம் எதையாவது விரும்பும் என்றால் அது மேல் நடுத்தர வர்க்கம் பார்க்கும் தொடர் என்ற கௌரவத்தைத்தான் என்றும் அந்தச் செய்தி விளக்கியது. தாளின் தரம் இங்கே ஒரு குறி. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எழுதியவர் என்ன வாங்கக் கூடியவர் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடுகிறது. என்.பி.சி. அந்தக் குறியை மிகச் சரியாகவே வாசித்தது.

அந்த ஊர்வலத்தின் பதாகைகளில் ஒன்று 'வல்கன் பவர்'. வல்கன் என்பது தொடரில் வரும் வேற்றுக்கிரக இனம். 1966இலிருந்து 'பிளாக் பவர்' என்ற முழக்கம் அமெரிக்க வெள்ளை அதிகாரத்தைக் கலங்கடித்துக்கொண்டிருந்தது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. கறுப்பினத்தவரின் முழக்கத்திலிருந்து உள்ளடக்கத்தை வழித்து எடுத்துவிட்டு, ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தொடருக்காக ஊர்வலம். இளைஞர்களின் விளையாட்டு என்று விட்டுவிடலாம்தான். ஆனாலும் எதிர்ப்பின் வடிவம் எவ்வளவு சுலபமாக இரவல் போகிறது என்பது கவனிக்கத் தக்கது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியே இந்த இயக்கத்துக்குத் திரைமறைவில் பணமும் உதவியும் கொடுத்தார். இதனால் ரசிகர்களின் பற்று பொய்யாகிவிடாது. ஆனால் 'தன்னெழுச்சி' என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானித்துத்தான் உச்சரிக்க வேண்டியிருக்கிறது.

வென்றது என்ன? மூன்றாம் ஆண்டில் தொடர் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டது. அதைப் பார்க்கக்கூடிய இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம். தயாரிப்புச் செலவு குறைக்கப்பட்டது. ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார். 1969இல் தொடர் நிறுத்தப்பட்டது. இந்த முறை கடிதங்களுக்கு வேலையில்லை. மூன்றாம் ஆண்டு கிடைத்ததால் மொத்தம் 79 பகுதிகள் சேர்ந்தன. உள்ளூர் நிலையங்களுக்குத் தினசரி மறுஒளிபரப்புக்கு விற்க அந்த எண்ணிக்கை உதவியது. வெள்ளைக்காரக் கேப்டனும் கறுப்பினப் பெண் அதிகாரியும் முத்தமிட்டுக்கொண்ட காட்சி, 1968 நவம்பரில், அந்த மூன்றாம் ஆண்டில்தான் வந்தது. ஆகவே ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எந்த நிபந்தனையின்மேல் கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

டல்லாஸ் ஸ்மைத் என்ற கனடா நாட்டு மார்க்ஸியர் 1977இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே உதவும். விளம்பரத்தால் நடக்கும் தொலைக்காட்சி விற்பது நிகழ்ச்சியை அல்ல. நிகழ்ச்சி வெறும் தூண்டில் இரை. விற்கப்படும் சரக்கு பார்வையாளர்களே, வாங்குபவர் விளம்பரதாரர் என்றார் அவர். பார்ப்பதும் ஒருவகை உழைப்பு என்பது இதன் நீட்சி. இதன்படி ஒரு தொடர் 'ரத்து' ஆவதன் பொருள், தொடர் மோசம் என்பதல்ல. அதன் பார்வையாளர்கள் விலைபோகவில்லை என்பதே. அந்தச் சரக்கை எண்ணித் தரும் கணக்குப்பிள்ளை நீல்சன் நிறுவனம். அறுபதுகளில் அது அளந்தது சுமார் 1,200 வீடுகளை. அந்த வீடுகளில் உங்கள் வீடு இல்லையென்றால் நீங்கள் ராத்திரி பூரா உட்கார்ந்து பார்த்தாலும் பார்க்காதவர்தான்.

இங்கேதான் நண்பரின் மில் உவமை உடைகிறது. மில் தொழிலாளி கையை நிறுத்தினால் நெசவு நிற்கும். பார்வையாளனுக்கு அந்த ஆயுதம் கிடையாது. பெட்டியை அணைத்தால் அது வேலைநிறுத்தம் ஆகாது. நிறுவனம் எடுத்த முடிவு சரி என்பதற்கு இன்னொரு சாட்சி ஆகிவிடும். ஆக, ரசிகன் கையில் மிச்சம் இருப்பது தன் பற்றை நிரூபிப்பது மட்டுமே. 'எண்ணாமல் விட்டுவிட்டீர்கள், நாங்களும் விலைபோகக் கூடியவர்கள், எங்களையும் எண்ணுங்கள்' என்று கேட்பது. அதிகாரத்தின் முன் வைக்கப்படும் மனு எப்போதும் அதிகாரத்தின் மொழியில்தான் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

இதற்கு மிகத் துல்லியமான உதாரணம் 'ஜெரிக்கோ'. அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின் தப்பிப் பிழைக்கும் ஒரு சிற்றூரின் கதை. சி.பி.எஸ். நிறுவனம் 2007 மே மாதம் நிறுத்தியது. கடைசிப் பகுதியில் சரணடையச் சொல்லும் எதிரிக்குக் கதாநாயகன் சொல்லும் பதில் 'நட்ஸ்'. இரண்டாம் உலகப் போரில், 1944 டிசம்பரில், பாஸ்டோனில் முற்றுகையிடப்பட்ட அமெரிக்கத் தளபதி மக்காலிஃப் ஜெர்மானியருக்கு அனுப்பிய பதில் அது. 'போய் வேலையைப் பார்' என்பது போல. அந்தச் சொல்லுக்குக் கொட்டை, கடலை என்றும் பொருள் இருப்பதால் ரசிகர்கள் சி.பி.எஸ். அலுவலகத்துக்கு வேர்க்கடலை அனுப்பினார்கள். இருபது டன். அழகான கேலி, ஒத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் சி.பி.எஸ். இறங்கிவந்தது: ஏழு பகுதிகள் தருகிறோம். கூடவே ரசிகர்களுக்கு ஒரு கடிதம். கடலை அனுப்புவதை நிறுத்துங்கள், இதே வேகத்தோடு தொடருக்குப் புதிய பார்வையாளர்களைத் திரட்டுங்கள் என்றது அது. சரணடைய மறுத்தவர்களைச் சம்பளமில்லாத ஆள்பிடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று இதை வாசிக்கலாம். புதிய பார்வையாளர் போதவில்லை. 2008 மார்ச்சில் மறுபடி ரத்து.

2018இல் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரை ஃபாக்ஸ் நிறுவனம் மே 10 அன்று நிறுத்தியது, ரசிகர் கூக்குரல், மறுநாளே என்.பி.சி. எடுத்துக்கொண்டது. மக்கள் வென்றார்கள் என்று எழுதினார்கள். அந்தத் தொடரைத் தயாரித்த யுனிவர்சல் டெலிவிஷன், என்.பி.சி.யின் சொந்தக் குடும்பத்து நிறுவனம் என்பதை அந்த ஆரவாரத்தில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

'கேக்னி அண்ட் லேசி' என் வாதத்துக்குச் சங்கடம் தருகிற உதாரணம். அதை மறைப்பது நேர்மையல்ல. இரண்டு பெண் துப்பறிவாளர்களை மையமாக வைத்த தொடர். பெண் விடுதலைக்காரிகளைப் போல் இருக்கிறார்கள் என்ற புகாரின் பேரில் தொடக்கத்திலேயே ஒரு நடிகை மாற்றப்பட்டார். 1983இல் சி.பி.எஸ். நிறுத்தியது, கடிதங்கள் குவிந்தன, 1984இல் மீண்டு 1988 வரை ஓடியது. ஜூலி டி'ஆச்சி 1994இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தம்மைப் போன்ற பெண்களை முதன்முறையாகத் திரையில் பார்த்ததைத் தம் வாழ்க்கையோடு சேர்த்து எழுதினார்கள். இங்கே மனு என்பது வெறும் மனுவாக இல்லை. 'எங்களை எண்ணுங்கள்' என்பதோடு 'எங்களைக் காட்டுங்கள்' என்பதும் சேர்ந்துகொண்டது. ஆனால் வேலைக்குப் போகும் பெண்களை ஒரு நுகர்வுச் சந்தையாக விளம்பர உலகம் கண்டுகொண்டிருந்த காலமும் அதுதான் என்பதையும் அதே நூல் சொல்கிறது. இரண்டில் எது தொடரைக் காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடிதம், கடலை எல்லாம் தாண்டி நேரடியாகப் பணமே கேட்கப்பட்டது 2013இல். 2007இல் நின்றுபோன 'வெரோனிகா மார்ஸ்' தொடரைத் திரைப்படமாக எடுக்க, கிக்ஸ்டார்ட்டர் வழியாக 91,585 பேர் 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். படத்தின் உரிமை வார்னர் பிரதர்ஸிடம். கொடுத்தவர்களுக்குத் திரைக்கதைப் பிரதி, டி-ஷர்ட், படத்தின் ஒரு பிரதி இப்படி. லாபத்தில் பங்கு கிடையாது. சரக்காக இருந்த பார்வையாளன் இப்போது முதலும் போடுகிறான், முதலாளி ஆகாமலே. சிறுபத்திரிகைக்குச் சந்தா கட்டுவது போலத்தானே என்று கேட்கலாம். நம் ஆட்களிடம் லாபம் என்ற பேச்சே எழாது என்பது வேறு விஷயம்.

நான் நண்பருக்குச் சொல்லியிருக்க வேண்டியது வேறொரு வரலாறு. ஸ்டார் ட்ரெக் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1967இல், 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் பத்திரிகை வந்தது. அதைத் தொடர்ந்து பல வந்தன. ஸ்டென்சில் வெட்டி, மை பூசி, தபாலில் அனுப்பிய பத்திரிகைகள். சைக்ளோஸ்டைல் காலத்துச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அந்த மை வாசனை தெரியும். எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1969இல் தொடர் நின்ற பிறகும் இவர்கள் நிற்கவில்லை. தொடரில் ஓரத்தில் நின்ற பெண் பாத்திரங்களுக்குக் கதை எழுதினார்கள். கேப்டனும் வல்கன் அதிகாரியும் ஒருவரையொருவர் காதலிப்பதாக ஒரு கதை 1974இல் அச்சேறியது. மூலப்பிரதி கனவிலும் அனுமதிக்காத வாசிப்பு. மிஷேல் தெ செர்த்தோ வாசிப்பை இன்னொருவன் நிலத்தில் நடத்தும் கள்ள வேட்டை என்பார். ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் எழுதிய நூலில் அந்த உருவகத்தை எடுத்து இந்தப் பெண்களின் எழுத்துக்குப் பொருத்திக் காட்டினார். இங்கே தொடரை உயிர்ப்பித்துத் தரும்படி யாரிடமும் கேட்கவில்லை, இவர்களே உயிர்ப்பித்துக்கொண்டார்கள். எந்த நேரம், என்ன செலவு, யார் விளம்பரதாரர் என்ற கேள்விகளே எழவில்லை.

இந்த இரண்டு செயல்களையும் நிறுவனங்கள் ஒன்றாகப் பார்க்கவில்லை. கடிதம் எழுதுகிறவர்கள் 'எங்கள் அருமை ரசிகர்கள்'. கதை எழுதுகிறவர்கள் விஷயம் வேறு: 1981இல் 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் உரிமையாளரான லூகாஸ் ஃபிலிம், பாலுறவைச் சித்திரிக்கும் கதைகளை வெளியிட்ட ரசிகர் பத்திரிகைகளுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. இருபது டன் கடலை அனுப்பினவர்களுக்குக் கிடைத்தது நன்றியும் ஏழு பகுதிகளும். சில நூறு பிரதி அடித்தவர்களுக்கு வக்கீல் பாஷை.

இரண்டையும் செய்தவர்கள் ஒரே ஆட்களாகவும் இருந்திருக்கிறார்கள். கடிதமும் எழுதினார்கள், கதையும் எழுதினார்கள். அதனால் மனு போடுகிறவன் அடிமை, களவாடுகிறவன் கலகக்காரன் என்று கோடு கிழித்துவிட முடியாது. வெரோனிகா மார்ஸ் 2019இல் ஹுலு நிறுவனத்தில் மறுபடி தொடராக வந்தது. அந்தப் பருவத்தின் கடைசியில், ரசிகர்கள் இத்தனை ஆண்டுகள் ஆசைப்பட்டுக் காத்திருந்த லோகன் பாத்திரம், கல்யாணமான கையோடு வெடிகுண்டில் கொல்லப்பட்டது. துப்பறியும் கதை தொடர வேண்டுமானால் காதல் கதை முடிய வேண்டும் என்றார் படைப்பாளி. 2013இல் காசு கொடுத்தவர்கள் கொதித்தார்கள். அதற்கு மேல் செய்ய அவர்கள் கையில் எந்த உரிமையும் இல்லை. கொஞ்ச நாளில், லோகன் சாகாத கதைகளை அவர்களில் சிலர் எழுத ஆரம்பித்தார்கள்.