நீர்ச்சறுக்குச் சப்பாத்து: விலையைப் பார்ப்பதா, அளவைப் பார்ப்பதா?

பெந்தோட்டை ஆற்றில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நடைபெறும் நீர் விளையாட்டுத் தொழிலை எமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. படகுக்கும் இயந்திரத்துக்கும் இலட்சக்கணக்கில் முதலிடும் எம்மவர்கள், உல்லாசப் பயணியின் காலைப் பிடித்திருக்கும் பொருளை மாத்திரம் கடைசியில், மிஞ்சிய காசில் வாங்குகிறார்கள். முப்பது வருடங்களாகச் சப்பாத்து விற்பவன் என்ற வகையில் இது பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

என் சகோதரியின் மகன் இத்தொழிலில் இறங்கியபோது வெளிநாட்டில் பாவித்த சப்பாத்துகள் பன்னிரண்டு செட் மலிவாக வந்தன. "மாமா, எடுத்துப் போடவா?" என்று கேட்டார். "என்ன அளவு மகன்?" என்றேன். "எல்லாம் ஒரே அளவுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், அது வியாபாரமல்ல என்று தெரிந்துகொள்ள.

நீர்ச்சறுக்கை 1922 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் ஆரம்பித்து வைத்தார். அவர் பலகையில் காலைப் பிணைத்தது வெறும் தோல் வாரினால். இன்று ஸ்லாலம் எனப்படும் ஒற்றைப் பலகைச் சறுக்கில், ஆண்களுக்கான போட்டியில் படகு மணிக்கு 58 கிலோமீற்றர் வேகம் வரை செல்கிறது. 259 மீற்றர் நீளமான பாதையில் ஆறு மிதவைகளை மாறி மாறிச் சுற்ற வேண்டும். இவ்வளவு வேகத்தில் பலகையைத் திருப்புவது கால்தான். காலின் அசைவைப் பலகைக்குக் கொண்டு செல்வது பைன்டிங் என்று சொல்லப்படும் இந்தச் சப்பாத்து.

முன்காலுக்கு முழுச் சப்பாத்து அவசியம். பின்காலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விரல் பக்கத்தை மாத்திரம் நுழைக்கும் பட்டி. மற்றையது, இன்னொரு முழுச் சப்பாத்து. பட்டியில் ஒரு காலை வெளியே விட்டபடி தண்ணீரிலிருந்து எழும்பலாம், விழும்போதும் கால் இலகுவில் கழன்றுவிடும். ஆகவே பழகுபவருக்கும் வாடகைக்கு விடுபவருக்கும் அதுவே பொருத்தம். இரண்டு முழுச் சப்பாத்தில் பிடி அதிகம். ஆனால் விழும்போது ஒரு கால் கழன்று மற்றக் கால் மாட்டிக்கொண்டால் கணுக்காலோ முழங்காலோ முறுகும். அது தேர்ந்தவர்களுக்குரியது.

எந்தக் கால் முன்னுக்கு? இரட்டைப் பலகையில் ஓடும்போது ஒவ்வொரு காலாகச் சற்றுத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் காலில் ஆட்டமில்லாமல் நிற்கிறாரோ அதுவே முன்கால்.

அளவு பார்ப்பதைக் காய்ந்த காலில் செய்யக்கூடாது. காலையும் சப்பாத்தையும் நனைத்து, தேவையானால் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் விட்டு நுழைக்க வேண்டும். முழங்காலை மடித்து முன்னே சாயும்போது குதி மேலே எழும்பக்கூடாது. விரல்கள் மடங்கவோ கால் மரத்துப் போகவோ கூடாது. தளர்வாக இருந்தால் கால் பாதி கழன்று முறுகும். அளவுக்கு மீறி இறுகினால் விழும்போது கழலாது. இரண்டுமே ஆபத்து.

அடுத்தது பொருத்தும் இடம். பலகையில் வரிசையாகத் துளைகள் இருக்கும், சப்பாத்தின் தட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். உற்பத்தியாளர் குறித்த இடத்தில் ஆரம்பியுங்கள். பலகையின் மூக்கு அதிகம் தூக்கி, வேகம் குறைந்து, திரும்ப மறுத்தால் ஒரு துளை முன்னே தள்ளுங்கள். திரும்பும்போது மூக்கு தண்ணீரில் குத்தி ஆளை முன்னே வீசினால் ஒரு துளை பின்னே எடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு துளைதான். முன்சப்பாத்தை நகர்த்தினால் பின்னதையும் அதே அளவு நகர்த்த வேண்டும். பலகையின் வாலிலிருந்து முன்சப்பாத்தின் குதி வரை அளந்து கொப்பியில் எழுதிவைத்தால், நல்ல இடத்தைத் திரும்பவும் கண்டுபிடிக்கலாம்.

பாவித்த பொருளை வாங்குவோர் மூன்றைப் பார்க்க வேண்டும். இறப்பரைப் பெருவிரலால் இழுத்தால் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றனவா? தட்டு வளைந்திருக்கிறதா? தட்டின் துளைகள் உங்கள் பலகையின் துளைகளோடு ஒத்து வருகின்றனவா? எல்லாக் கம்பனிகளின் துளைகளும் ஒன்றல்ல. வந்த பன்னிரண்டு செட்டிலும் இறப்பர் வெடித்திருந்தது.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: "முதலில் ஒரு மாதம் வாற ஆட்களின் சப்பாத்து அளவை எழுதுங்க மகன்." கொப்பியைப் பார்த்தபோது 36 முதல் 46 வரை இருந்தது. ஒரே அளவில் பன்னிரண்டு வாங்கியிருந்தால் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பியிருப்பார், அல்லது பொருந்தாததை மாட்டிவிட்டிருப்பார். பின்னையது இன்னும் மோசம். அவர் நாடாவால் இறுக்கித் தளர்த்தக்கூடிய, ஒன்றிலேயே பல அளவுகளுக்குப் பொருந்தும் நான்கு செட்டை, பின்காலுக்குப் பட்டி வைத்து, புதிதாக வாங்கினார். செலவு கூடியது உண்மை. ஆனால் நான்கும் நாள் முழுவதும் வேலை செய்தன.

வாங்கிய பின்னரும் கவனம் வேண்டும். பெந்தோட்டை ஆற்றின் முகத்துவாரத் தண்ணீர் உப்புக் கலந்தது. ஒவ்வொரு மாலையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் இறப்பர் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு காலையும் ஸ்குரூக்களைக் கையால் சோதித்து இறுக்குங்கள். பருவம் முடிந்து மே மாதத்தில் மழைக்காற்று தொடங்கியதும் கழற்றிப் பெட்டியில் வையுங்கள்.

2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்ததைக் கண்ட எமக்கு, இறக்குமதிப் பொருளில் பிழையான தெரிவு எவ்வளவு கனக்கும் என்று தெரியும். மலிவு என்பது விலைச்சீட்டில் இல்லை. ஒரு பருவத்தில் அந்தப் பொருள் எத்தனை பேருக்குப் பொருந்தியது, எத்தனை பேர் காயமின்றிக் கரையேறினார்கள் என்பதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளரின் கால் எமது கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை அளந்து பார்த்த பிறகே பணப்பையைத் திறவுங்கள்.