குடிநீரும் குளோரினும்

குடமுருட்டிக் கரையிலுள்ள வலங்கைமானிலும் சுற்றுக் கிராமங்களிலும் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடித்தால் தாய்மார்கள் முகஞ்சுளிப்பதுண்டு. அம்மருந்தே உடலுக்குக் கேடு என்று கூறுவாரும் உளர். இதில் உண்மை எவ்வளவு என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்து வைத்திருத்தல் நலம்.

மருந்து என்பது வேறொன்றுமன்று. நூலை வெளுக்க நெசவாளர்கள் அறிந்த பிளீச்சிங் பவுடரிலுள்ள குளோரின்தான் அது. காலரா, டைபாய்டு கிருமிகளை அது அழிக்கிறது. 1908-ல் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரக் குடிநீரில் இடையறாது கலக்கத் தொடங்கியபின், இம்முறை உலகெங்கும் பரவிற்று.

ஆனால் குளோரின் கிருமிகளோடு நிற்பதில்லை. மட்கிய இலை, தழை, வைக்கோல் ஆகியவற்றின் சாரம் நீரில் கரைந்திருந்தால், அதனோடும் கூடிப் புதுப் பொருள்களை உண்டாக்குகிறது. ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் குடிநீர் நிலையத்து ரசாயன அறிஞர் ரூக் என்பார் 1974-ல் இதனை வெளியிட்டார். அப்பொருள்களில் முக்கியமானது குளோரோபாரம். பெருமளவில் கொடுக்கப்பட்டபோது, சோதனை விலங்குகளுக்கு அது புற்றுநோயை விளைவித்தது.

இந்தியக் குடிநீர்த் தரவிதி (2012) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் குளோரோபாரம் ஆகாது என்கிறது. அவ்விதியே, குளோரின் கலந்த நீரில் குழாய் முனையில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டுமென்றும் கூறுகிறது. ஒன்று உச்சவரம்பு, மற்றது தாழ்வரம்பு. இரண்டையும் காப்பதே அறிவுடைமை.

ஆகவே மருந்தை நிறுத்துவது பரிகாரமன்று. கிருமியால் வரும் பேதி இரண்டொரு நாளில் குழந்தையைக் கொண்டுபோகும். மற்றதோ, அளவு மீறிய நீரைப் பல்லாண்டு பருகினால் நேரக்கூடுமென அஞ்சப்படும் கேடு.

செய்யத்தக்கது யாது? முதலில் நீரைத் தெளிவித்து, பிறகே மருந்திட வேண்டும். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும் நாட்களில் ஆற்றில் கலங்கலும் தழையும் மிகும்; அந்நீரில் மருந்தை மேலும் மேலும் கொட்டினால் வேண்டாத பொருள்களே பெருகும். ஆற்று மணலில் இறக்கிய கிணற்றின் நீர் வடிந்து வருவதால் இவ்வகையில் மேலானது. தொட்டியின் வண்டலைக் காலந்தவறாது அகற்ற வேண்டும். தெளிந்த நீர் ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் சுமார் 2.5 கிராம் போதும். கலந்தபின் அரைமணியேனும் விட வேண்டும். திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்துவிடும். கைப்பிடிக் கணக்கும் உதவாது. வீட்டில் ஐயமுள்ளோர் மூடாத பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டால் குளோரோபாரம் பெரும்பாலும் ஆவியாகிவிடும்.

தொட்டி கடைசியாக என்று கழுவப்பட்டது, நீர் என்று சோதிக்கப்பட்டது என்னும் இரு கேள்விகளை அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் எழுப்புவார்களாக. சங்கத்துக் கணக்கைக் கேட்கும் உரிமையைப் போன்றதே தண்ணீர்க் கணக்கைக் கேட்கும் உரிமையும்.