பெட்டிக்குள் ஒரு மேளச்சமா

கனடாவுக்கு வந்து சேர்ந்த எம்மவர் குடும்பங்கள் பலவற்றில் கட்டிலுக்கு முன்னரே வீட்டுக்குள் வந்துவிடுவது தொலைக்காட்சிப் பெட்டிதான். எங்கள் ஸ்காபரோ வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் மூன்று தலைமுறையும் ஒன்றாக இருந்து பார்த்த நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. ஐயாவுக்குச் செய்தி, பிள்ளைகளுக்கு ஹொக்கி, மனைவிக்குத் தொடர் நாடகம், எனக்கு நித்திரை. அப்படி இருந்த வீட்டில், 2011 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மூத்தவன் போட்டுவிட்ட ஒரு ஆங்கில இசைப் போட்டி எல்லோரையும் ஒரே சோபாவில் இருத்தியது.

சிபிசி தொலைக்காட்சியில் வந்த 'கவர் மீ கனடா' என்ற நிகழ்ச்சி அது. வெளியே அதிகம் தெரியாத எட்டு அணிகள். பெரும்பாலும் கிற்றார், ட்ரம்ஸ், கீபோர்ட் என்று கூடி வாசிக்கும் இளம் குழுக்கள். ஒவ்வொரு கிழமையும் கனடாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டை எடுத்து, அதைத் தங்கள் போக்கில் மாற்றி வாசிக்க வேண்டும். நடுவர்கள் கருத்துச் சொல்வார்கள், பார்ப்பவர்கள் வாக்களிப்பார்கள். கடைசியில் 100,000 டொலர் பரிசை வென்றது ரொறன்ரோவைச் சேர்ந்த 'ஹூஸ் ஆர்மி' என்ற குழு. ஒரு பருவத்தோடு நிகழ்ச்சியும் நின்றுபோனது.

மூத்தவனுக்கு அப்போது பதினான்கு வயது. ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஆங்கிலப் பாட்டில் ஒரு சொல்லும் ஐயாவுக்கு விளங்காது. ஆனால் இரண்டாம் கிழமையே நடுவர்களுக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"பாடுறவனை விடு தம்பி. பின்னால இருந்து அடிக்கிறவனைப் பார். அவன் கொஞ்சம் ஓடுறான். பாட்டுக்காரன் பாவம், கலைச்சுக் கொண்டு போறான்."

பேரன் திரும்பி அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

ஐயா அளவெட்டிக்காரர். அந்த மண்ணில் வளர்ந்தவருக்குத் தாளம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்பதற்காகவே கோயில் கோயிலாக நடந்தவர். திருவிழா இரவுகளில் இரண்டு மூன்று செற் மேளகாரரைப் பிடித்து விடுவார்கள். ஒரு குழு வாசித்து முடிக்க மற்றக் குழு தொடங்கும். பிறகு தவிலும் தவிலும் எதிரெதிரே நிற்கும். ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கி, அதை இரண்டாக மடித்துத் திருப்பிக் கொடுப்பார். அதுதான் மேளச்சமா. நடுவர் என்று எவரும் இல்லை, வாக்குச் சீட்டும் இல்லை. வீதி மணலில் இருக்கும் சனம் தலையை ஆட்டுகிறதா, கச்சான் வாங்க எழும்பிப் போகிறதா என்பதுதான் தீர்ப்பு. விடியும்வரை சனம் இருக்கும். பிறகு வருடக்கணக்காக அதைக் கதைத்துக்கொண்டிருக்கும்.

"இது அதுதான். பெட்டிக்குள்ள வைச்சு நடத்திறாங்கள், அவ்வளவுதான்" என்றார் ஐயா. கச்சானுக்குப் பதிலாக மனைவி பொப்கோர்ன் கொண்டுவந்து வைத்தா.

இதில் ஒரு சங்கடமும் எனக்கு இருந்தது. மூத்தவன் ஆறு வருடம் மிருதங்கம் பழகியவன். அந்த வருடம்தான் அதை விட்டுவிட்டு, பாடசாலை நண்பர்கள் மூவருடன் சேர்ந்து குழு ஒன்று தொடங்கப்போகிறேன், ட்ரம்ஸ் வாசிக்கப்போகிறேன் என்று நின்றான். நான் மறுத்தேன். மறுத்தேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. இரண்டு வேலை செய்து, வின்ரரில் பஸ்ஸுக்கு நின்று, அரங்கேற்றத்துக்கென்று காசு சேர்த்த மனிதனுக்கு அது துரோகம் போலத் தெரிந்தது. அத்தோடு கணக்குப் பாடத்தில் புள்ளியும் குறைந்திருந்தது. ஒன்றரை மாதம் தகப்பனும் மகனும் சரியாகக் கதைக்கவில்லை. அந்தச் சோபாவில் அவன் ஒரு கரையில், நான் மறு கரையில், நடுவில் ஐயா.

நிகழ்ச்சியின் நடுவில் ஒரு நாள் ஐயா என்னிடம் கேட்டார்: "கையில தாளம் இருக்கிற பிள்ளை எந்தத் தோலில அடிச்சால் உனக்கென்ன?" நான் பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பழைய ட்ரம்ஸ் செற் ஒன்று பேஸ்மன்ருக்குள் இறங்கியது.

புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு விடயத்தை இங்கே இடையில் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் ஏழாம், எட்டாம் வகுப்பில் குழல், ட்ரம்பெற், கிளாரினெற் போன்ற வாத்தியங்களைப் பாடசாலையே கொடுத்துப் பழக்கியது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி செய்யவும் விட்டார்கள். பிள்ளை ஏதோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் பயப்படாமல் ஆசிரியரிடம் விசாரியுங்கள். ஆங்கிலம் தட்டுப்பட்டாலும் பிள்ளையைத் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் மட்டும் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

எம்மவர் எல்லோரையும் ஒரே பெட்டிக்கு முன்னால் கொண்டுவந்து இருத்திய போட்டி மூன்று வருடம் கழித்து வந்தது. விஜய் தொலைக்காட்சியின் 'சுப்பர் சிங்கர் ஜூனியர்' நான்காவது பருவம். கனடாவில் பிறந்த ஈழத்துத் தமிழ்ப் பிள்ளை ஜெசிக்கா யூட் இறுதிப் போட்டிவரை போனார். 2015 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. சென்னைக்கும் ரொறன்ரோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம், அங்கே மாலை என்றால் எங்களுக்குக் காலை. வெளியே உடம்பை வெட்டும் குளிர். அன்று எத்தனை பேர் வேலைக்குச் சுகமில்லை என்று சொன்னார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதில் நானும் ஒருவன்.

அதற்கு முந்திய நாட்களில் எந்த வீட்டிலிருந்து தொலைபேசி வந்தாலும் ஒரே கேள்விதான்: "வோட்டுப் போட்டாச்சோ?" சித்தி லண்டனிலிருந்து கேட்டா, மச்சான் பாரிசிலிருந்து கேட்டான். கணினி தெரியாத ஐயாவுக்குப் பேரன் இருந்து போட்டுக் கொடுத்தான். போட்டு முடித்த பிறகு என்னைப் பார்த்து அவன் கேட்டான்: "அப்பா, மற்றப் பிள்ளையள் பாடினதை நீங்கள் கேட்டனீங்களோ?"

நான் கேட்டிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஜெசிக்கா பாடியதைக்கூட முழுதாகக் கேட்க முன்னரே வாக்குப் போட்டவன் நான். குரலுக்கா போட்டேன்? இல்லை, எங்கள் பிள்ளை என்பதற்காகப் போட்டேன். 2009 க்குப் பிறகு எங்களைப் பற்றிய செய்தி என்றாலே நெஞ்சு இடிக்கும். ஆறு வருடத்தில் முதல் தடவையாக எங்கள் பெயர் ஒரு சந்தோசமான காரியத்துக்காக உலகம் முழுவதும் சொல்லப்படுகிறது. யார்தான் நடுநிலையாக இருந்து கேட்பது? இறுதி மேடையில், 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் நாட்டை விட்டுப் போகிறவர்களுக்காக ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த பாட்டை அந்தப் பிள்ளை பாடியபோது, மேளச்சமாவில் குறை பிடித்தே பழகிய ஐயா எந்தக் குறையும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இருந்தார்.

முதலிடம் பெங்களூரைச் சேர்ந்த ஸ்பூர்த்திக்குக் கிடைத்தது. ஜெசிக்காவுக்கு இரண்டாம் இடமும் ஒரு கிலோ தங்கமும். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அந்தத் தங்கத்தைக் கொடுப்பதாக மேடையிலேயே அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் சிலர் தீர்ப்புப் பிழை என்று இரவு முழுவதும் சண்டை பிடித்தார்கள். ஐயா மட்டும், "மற்றப் பிள்ளையின்ர சுருதி சுத்தம். நான் சமாவில இருந்திருந்தால் அதுக்குத்தான் தலை ஆட்டியிருப்பன். ஆனால் வோட்டு எங்கட பிள்ளைக்குத்தான்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடிந்தது. என்னால் இன்றுவரை முடியவில்லை. 2023 டிசெம்பரில் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' போட்டியில் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா முதலிடம் பெற்றபோது, மற்றப் பிள்ளைகளின் பாட்டுகளையும் ஒழுங்காக இருந்து கேட்டேன். அதற்குள் ஐயா போய்விட்டார்.

மூத்தவனின் குழு எந்தத் தொலைக்காட்சிக்கும் போகவில்லை. பாடசாலை மண்டபத்தில் இரண்டு தடவை, ஒரு கலியாண வீட்டில் ஒரு தடவை, அவ்வளவுதான். முதல் நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவு பேஸ்மன்ரில் பயிற்சி. படியில் தலையணை போட்டு ஐயா இருந்தார், தொடையில் விரல் விட்டு எண்ணிக்கொண்டு. நான்கு பாட்டும் முடிந்தது. நான்கு பொடியன்களும் அவரைப் பார்த்தார்கள். அதில் ஒருவன் யமேக்காப் பிள்ளை, ஒருவன் சீனப் பிள்ளை.

"மூண்டாவது பாட்டில நீ ஓடிப்போட்டாய்" என்றார் ஐயா.

பேரன் ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னான். பிறகு தடியை எடுத்து, "திரும்ப எடுப்பம் அப்பப்பா" என்றான்.