பேஸ்மேக்கரை ஏமாற்றும் மின்காந்தம்

பேஸ்மேக்கர் வைத்தவர் மிக்ஸி பக்கம் போகக் கூடாது, செல்போனைத் தொடக் கூடாது என்று வீட்டில் ஆளுக்கொரு தடை போடுவார்கள். உண்மையில் அஞ்ச வேண்டியவை சிலதான். அவற்றில் முக்கியமானவை வீட்டில் இல்லை, மருத்துவமனையில் இருக்கின்றன.

என்ன நடக்கிறது?

இதயத்தில் எழும் சில மில்லிவோல்ட் மின்துடிப்பைக் கருவி ஓயாமல் கவனிக்கிறது. துடிப்பு வந்தால் சும்மா இருக்கும், வராவிட்டால் தூண்டும். வலுவான மின்காந்த அலை குறுக்கிட்டால் அதையே துடிப்பாக எண்ணித் தூண்டாமல் இருந்துவிடலாம். கருவியையே முழுக்க நம்பியிருப்பவருக்குச் சில விநாடிகளில் தலைசுற்றும், மயக்கமும் வரலாம். ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியோ தேவையில்லாமல் ஷாக் கொடுக்கக்கூடும். காந்தம் அருகில் வந்தால் இதற்கு நேர்மாறாக, தேவையான ஷாக்கே நின்றுபோகும். 2021இல் அமெரிக்க மருத்துவர்கள், உள்ளே காந்தம் உள்ள ஐபோன் 12ஐ நெஞ்சருகே கொண்டுசென்றபோது ஐ.சி.டி. ஒன்று அப்படி அடங்கியது. விலக்கினால் பெரும்பாலும் கருவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

எவ்வளவு தள்ளி?

• செல்போன்: கருவியிலிருந்து 15 செ.மீ. சட்டைப் பையில் வேண்டாம். மறுபக்கக் காதில் பேசுங்கள்.
• இண்டக்‌ஷன் அடுப்பு: 60 செ.மீ.
• டிவி, மிக்ஸி, மைக்ரோவேவ்: வழக்கம்போல் பயன்படுத்தலாம். எர்த் சரியாக இருக்க வேண்டும்.
• கடைவாசல் திருட்டுத் தடுப்புக் கருவி: சாய்ந்து நிற்காமல் கடந்துவிடுங்கள்.
• விமான நிலையம்: அடையாள அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கக் கேளுங்கள்.
• ஆர்க் வெல்டிங்: இதய மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

மருத்துவமனையில்

எம்.ஆர்.ஐ., அறுவை சிகிச்சையில் கரன்ட் வைத்துச் சுடும் காட்டரி, புற்றுநோய்க் கதிர்வீச்சு மூன்றுக்கும் முன்பே கருவி இருப்பதைச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற கருவியாக இருந்தாலும், ஸ்கேனுக்கு முன் அமைப்பை மாற்றிப் பின் திரும்பச் சரிசெய்ய வேண்டும். பிசியோதெரபியில் மின்அலையால் சூடேற்றும் டயதெர்மி வேண்டவே வேண்டாம்.

உங்கள் உரிமை

கருவியின் மாடல், சீரியல் எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவர் நடத்தை விதி. கருவியில் கோளாறு என்றால் மருத்துவச் சாதனக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். குறைபாட்டாலோ கவனக்குறைவாலோ பாதிப்பு நேர்ந்தால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

ஏதேனும் சாதனத்தின் அருகே தலை சுற்றினாலோ படபடத்தாலோ உடனே விலகுங்கள். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பதிவானதைக் கருவியிலிருந்தே அவர் பார்க்க முடியும். விலகியும் சரியாகாவிட்டால் 108ஐ அழையுங்கள்.