கருவி வழங்கினால் கடமை முடிந்ததா?

மாற்றுத்திறனாளிகளுக்கு நலத்திட்ட உதவிகள் வழங்கும் விழாக்களில் காதொலிக் கருவிகளுக்குத் தனி இடம் உண்டு. ஒரு குழந்தையின் காதில் கருவியைப் பொருத்திவிட்டு, பின்னாலிருந்து கைதட்டிப் பார்ப்பார்கள். குழந்தை திரும்பும். அரங்கமே மகிழும். மறுநாள் நாளிதழில் படமும் வரும். அந்த மகிழ்ச்சி உண்மையானதுதான். ஆனால், அதே கருவி ஓராண்டுக்குப் பிறகு எந்த நிலையில் இருக்கிறது என்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் பேருந்துப் பயணம் ஒன்றில், ஏழு வயதுச் சிறுவனுடன் ஒரு தாய் என் அருகில் அமர்ந்திருந்தார். சிறுவனுக்கு மூன்று வயதில் அரசுச் செலவில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. பேசவும் தொடங்கியிருக்கிறான். ஆனால், அன்று அவன் காதில் கருவி இல்லை. காரணம் கேட்டேன். 'ஒயர் அறுந்துபோச்சு சார், நாலு மாசமாச்சு' என்றார். மாற்றுக் கம்பியின் விலை அவருடைய பாதி மாதக் கூலி. வாங்குவதற்கு நகரத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் வேலையும் போகும். சில லட்சம் ரூபாய் மக்கள் வரிப்பணத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைத்த கேட்கும் திறன், சில ஆயிரம் ரூபாய்க் கம்பி ஒன்றுக்காக நான்கு மாதங்களாக முடங்கிக் கிடந்தது.

பொருளியல் மாணவர்களுக்கு ஒருமுறைச் செலவு, தொடர் செலவு என்ற வேறுபாட்டை முதலாண்டிலேயே கற்பிப்போம். பள்ளிக் கட்டடம் கட்டிவிட்டு ஆசிரியரை நியமிக்காவிட்டால், கட்டடத்துக்குச் செலவிட்ட பணமும் வீண். கேட்கும் திறனும் அப்படிப்பட்டதே. மூக்குக் கண்ணாடியை அணிந்தவுடன் பார்வை தெளிந்துவிடுகிறது. பிறகு கண்ணாடியைத் துடைத்து வைத்தால் போதும். காதொலிக் கருவி அப்படியல்ல. அதை அவரவர் செவித்திறன் இழப்புக்கேற்பச் சீரமைக்க வேண்டும். குழந்தை வளர வளரக் காது அச்சை மாற்ற வேண்டும். சிறு பொத்தான் போன்ற அதன் மின்கலன் ஒன்றிரண்டு வாரங்களில் தீர்ந்துவிடும். நம் ஊர் வியர்வையும் கடற்கரை ஈரப்பதமும் கருவியைப் பழுதாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக வந்து சேரும் ஒலிகளைச் சொற்களாகப் பிரித்தறிய மூளைக்குப் பயிற்சி தேவை. கருவி ஒரு பொருள். கேட்பதோ ஒரு சேவை. நம் அரசுகள் பொருளை வழங்கத் தெரிந்தவை. சேவையைத் தொடர்ந்து வழங்குவதில்தான் தடுமாறுகின்றன.

இந்தத் தடுமாற்றம் யாரைக் கணக்கில் எடுப்பது என்ற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் செவித்திறன் குறைபாடுடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். ஆனால், செவித்திறன் குறைபாட்டைத் தடுப்பதற்கான மத்திய அரசின் தேசியத் திட்டம், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்று 6.3 கோடி பேர் என்கிறது. ஒன்று மற்றொன்றைப்போல் 12 மடங்கு! கணக்கெடுக்கும் முறை, வரையறை ஆகியவற்றின் வேறுபாடு இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருப்போரைச் செவித்திறன் குறைந்தோர் என்றும், 70 டெசிபல் இழப்பு உடையோரைக் காது கேளாதோர் என்றும் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ, நன்றாகக் கேட்கும் காதில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தாலே அதை முடக்கும் குறைபாடு என்கிறது.

சாதாரண உரையாடலின் ஒலி அளவே ஏறத்தாழ 60 டெசிபல்தான். ஆகவே, எதிரில் இருப்பவர் பேசுவதில் பாதியைத் தவறவிடும் ஒருவர், சட்டத்தின் பார்வையில் குறையேதும் இல்லாதவராகிவிடுகிறார். விசைத்தறிக் கூடத்தில் 20 ஆண்டுகள் உழைத்துக் காது மந்தமான தொழிலாளி இந்த இடைவெளியில்தான் நிற்கிறார். வீட்டில் 'தாத்தாவுக்குச் சொன்னால் புரியாது' என்று ஒதுக்கப்படும் முதியவரும் அங்கேதான் நிற்கிறார். ஏன், நானும்கூடத்தான். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, கருவி வாங்கிக்கொண்டேன். மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த 'லான்செட்' மருத்துவ இதழின் வல்லுநர் குழு, 2024 அறிக்கையில், தவிர்க்கக்கூடிய 14 காரணிகளுள் ஒன்றாகச் செவித்திறன் இழப்பைப் பட்டியலிட்டுள்ளது. முதியோர் எண்ணிக்கை வேகமாகப் பெருகிவரும் தமிழகம் இதை எளிதாகக் கடந்துபோக முடியாது.

குழந்தைகளைப் பொருத்தவரை காலம் இன்னும் கண்டிப்பானது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதங்களுக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், ஆறு மாதங்களுக்குள் உதவி என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் மூளைக்கு முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகளில்தான் உச்சத்தில் இருக்கிறது. சோதனை கடினமானதன்று. உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் செய்துவிடலாம். பிறவிச் செவித்திறன் குறைபாட்டைக் கண்டறிவது 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் பிற மாநிலங்களைவிட மிகுந்துள்ள தமிழகத்துக்கு இந்தச் சோதனை மேலும் இன்றியமையாதது. ஆனாலும், 'எங்கள் சித்தப்பா மகனும் லேட்டாகத்தான் பேசினான்' என்று காத்திருந்து, இரண்டு வயதுக்குப் பிறகு மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் சிகிச்சை சேர்க்கப்பட்டது நாட்டுக்கே முன்மாதிரியான செயல். கூலித் தொழிலாளியின் குழந்தைக்கும் பெரும் செல்வந்தரின் குழந்தைக்கும் ஒரே சிகிச்சை என்பது எளிய சாதனையன்று. இதை மனதாரப் பாராட்டிவிட்டே அடுத்ததைச் சொல்ல வேண்டும். இந்தக் கருவிக்கு இரு பகுதிகள் உண்டு. உள்ளே பொருத்தப்படுவது பல்லாண்டுகள் உழைக்கும். வெளியே அணியும் ஒலிச் செயலி, கம்பி, காந்தச் சுருள், மின்கலன் ஆகியவை தேயும், உடையும், தொலையும். உலகச் சந்தை ஒரு சில வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் உள்கருவிக்கு அதே நிறுவனத்தின் வெளிச் செயலி மட்டுமே பொருந்தும்.

இதன் பொருளியல் விளைவைக் கவனியுங்கள். ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளில் நிறுவனங்களுக்கிடையே போட்டி இருக்கிறது, விலை குறைகிறது. அறுவை சிகிச்சை முடிந்த நாளிலிருந்து அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுவதும் ஒரே விற்பனையாளரின் வாடிக்கையாளர். அங்கே போட்டி இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்தபின் உதிரிப் பாகத்தின் விலையை நிறுவனமே தீர்மானிக்கிறது. பழைய மாதிரியின் தயாரிப்பை நிறுத்திவிட்டால், புதிய செயலியையே வாங்க வேண்டும். பேரம் பேசும் வலிமை அரசுக்கு இருப்பது கொள்முதலுக்கு முன்புதான். ஆகவே, கருவியின் விலையை மட்டும் ஒப்பிடாமல், 10 ஆண்டுகளுக்கான உதிரிப் பாகம், பழுதுநீக்கம், செயலி மாற்றம் ஆகியவற்றையும் சேர்த்த மொத்தச் செலவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். அச்சுப்பொறியைக் குறைந்த விலைக்கு விற்று, மையில் லாபம் பார்க்கும் உத்தியை அறியாத அலுவலகம் இல்லை. பேருந்துகள் வாங்கும்போதும் மின்மாற்றிகள் வாங்கும்போதும் பராமரிப்பைக் கணக்கிடுகிறோம். குழந்தையின் காதுக்கு மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

இதைச் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று சிலர் கருதக்கூடும். பயனாளிகள் ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள், பெரும்பாலோர் ஏழைகள். இந்த நிலையில் வட்டத் தலைநகரில் கடை திறக்கத் தனியார் முன்வர மாட்டார். செவித்திறன் நிபுணர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் பெருநகரங்களில் குவிந்திருப்பதற்கும் இதுவே காரணம். மைசூரில் இதற்கான அகில இந்திய நிறுவனம் 1965-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. பயிற்சி பெற்றோர் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால், மாவட்ட அளவில் நிரந்தரப் பணியிடம் இல்லாமல், குறைந்த தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வேலையில் அவர்கள் எத்தனை காலம் நீடிப்பார்கள்?

பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை 1948 ஜூலையில் தொடங்கியபோதே, 'மெட்ரெஸ்கோ' என்ற காதொலிக் கருவி இலவசமாக வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரால் கஜானா காலியாகி, உணவுப் பொருள்களுக்கே பங்கீடு இருந்த காலம் அது. இன்றும் அங்கே அச்சேவையின் மூலம் கருவி பெற்றவருக்கு மின்கலனும் பழுதுநீக்கமும் இலவசம். கருவி அவருக்குக் கடனாகத்தான் தரப்படுகிறது. உடைமை அரசிடமே இருக்கிறது. தன் உடைமை என்பதால் அதைப் பராமரிக்கும் பொறுப்பும் அரசைவிட்டு அகலுவதில்லை. ஆஸ்திரேலியாவில், ருபெல்லா தொற்றால் செவித்திறன் இழந்து பிறந்த குழந்தைகளுக்காகவும் போரில் காது பாதிக்கப்பட்ட வீரர்களுக்காகவும் 1947-இல் தொடங்கப்பட்ட அரசு அமைப்பு, இன்றும் நாடு முழுவதும் மையங்களை நடத்திவருகிறது.

கருவியால் பயன்பெற இயலாதவர்களும், அதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சைகை மொழியே தாய்மொழி. காது கேளாதோர் பள்ளிகளில் சைகை மொழி கூடாது என்று 1880-இல் மிலான் மாநாட்டில் கூடிய ஆசிரியர்கள் தீர்மானித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள்! அந்தத் தீர்மானத்தின் நிழல் நெடுங்காலம் நீடித்தது. இந்தியச் சைகை மொழிக்கென மத்திய அரசு ஆய்வு, பயிற்சி மையத்தை அமைத்ததே 2015-இல்தான். அம்மையம் 10,000 சொற்களைக் கொண்ட அகராதியையும் உருவாக்கியுள்ளது. 2023 செப்டம்பரில், காது கேளாத வழக்குரைஞர் ஒருவர் சைகைமொழி பெயர்ப்பாளரின் துணையுடன் உச்ச நீதிமன்ற விசாரணையில் பங்கேற்றார். தலைநகரில் அது சாத்தியமாயிற்று. ஆனால், இரவில் காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்க வரும் காது கேளாத பெண்ணுக்கு யார் மொழிபெயர்ப்பார்? பிரசவ அறையில் மருத்துவர் சொல்வதை அவருக்கு யார் விளக்குவார்? பெரும்பாலும் அவருடைய பள்ளி செல்லும் மகளோ மகனோதான்.

மாவட்டந்தோறும் எல்லா நேரத்திலும் மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தொழில்நுட்பம் வழி காட்டுகிறது. காணொலி அழைப்பின் மறுமுனையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால், ஒரே நாளில் பல ஊர்களுக்கு அவரால் உதவ முடியும். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், காது கேளாதோரின் தொலைபேசி அழைப்புகளை இடையில் ஒருவர் நின்று மொழிபெயர்த்துத் தரும் சேவையைக் கட்டாயமாக்கியது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பங்களிப்பே அதற்கான நிதி. நம் நாட்டிலும் அப்படியொரு நிதி ஏற்கெனவே இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5% பெறப்பட்டுத் திரட்டப்பட்ட நிதியம், 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 'டிஜிட்டல் பாரத் நிதி' எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளது. சிக்னல் எட்டாத மலைக்கிராமத்துக்குக் கோபுரம் அமைப்பது அதன் பணி என்றால், கோபுரத்தடியில் நின்றும் பேச இயலாதவரை இணைப்பதும் அதன் பணியே. புதிய வரி எதுவும் தேவையில்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை, கவனிக்கப்படாத செவித்திறன் குறைபாட்டால் உலகம் ஆண்டுதோறும் 98,000 கோடி டாலரை இழக்கிறது என்கிறது. செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 16 டாலர் பயன் திரும்பும் என்றும் கணக்கிடுகிறது. இத்தகைய பெருங்கணக்குகளை நான் ஓரளவு ஐயத்துடனேயே பார்ப்பவன். அவற்றில் அனுமானங்கள் மிகுதி. பேருந்தில் நான் சந்தித்த சிறுவனின் கணக்கு அதைவிட எளியது. சில லட்சம் ரூபாயை முதலீடு செய்துவிட்டு, ஒரு கம்பிக்கான தொகையை மறுப்பது எந்தப் பொருளியலிலும் சிக்கனம் ஆகாது.

தமிழகத்தில் உலக வங்கியின் உதவியுடன் செயல்படும் உரிமைகள் திட்டத்தின்கீழ், 'விழுதுகள்' என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைக்கப்பட்டுவருகின்றன. மக்கள் இருக்கும் இடத்துக்கே சேவையைக் கொண்டுசெல்லும் நோக்கம் சரியானது. ஒவ்வொரு மையத்திலும் ஒரு செவித்திறன் நிபுணர், பழுதுநீக்கத்துக்கு ஒரு மேசை, கம்பிகளும் சுருள்களும் கொண்ட ஓர் அலமாரி, பழுதான கருவி திரும்பி வரும்வரை அணிந்துகொள்ள மாற்றுக் கருவிகள் ஆகியவை இருக்க வேண்டும். நீரிழிவு மாத்திரை கிடைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காதொலிக் கருவிக்கான மின்கலனும் கிடைக்க வேண்டும். கடன் உதவியுடன் நடக்கும் திட்டத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. அதன்பின் இச்செலவுகள் மாநில நிதிநிலை அறிக்கையில் நிரந்தரத் தலைப்பாக இடம்பெற்றாக வேண்டும். ஆண்டுதோறும் வெளியிடப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில், வழங்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் வேண்டும்: முந்தைய ஆண்டுகளில் வழங்கியவற்றில் இன்று இயங்குபவை எத்தனை?

பேருந்திலிருந்து இறங்கும் முன், மகன் எப்படிப் படிக்கிறான் என்று அந்தத் தாயிடம் கேட்டேன். கருவி இருந்தபோது வகுப்பில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னானாம். இப்போது பின்வரிசைக்குப் போய்விட்டானாம். அறுவடைக் கூலி வந்ததும் கம்பி வாங்கிவிடலாம் என்றார். அறுவடைக்கு அப்போது இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.